தொலைக்காட்சித் துறவு

பிள்ளை க.பொ.த. பரீட்சையை அணுகும் ஆண்டில் வீட்டுத் தொலைக்காட்சியை முற்றாக நிறுத்திவிட்டோம் என்று பெற்றோர் பலர் எம்மிடம் பெருமிதத்தோடு கூறுவதுண்டு. இனிக் குடும்பம் ஒன்றுகூடும், பேச்சுப் பெருகும், பிள்ளை நூலெடுப்பான் என்பது அவர்தம் துணிபு. நோக்கம் நன்றே. ஆயினும் அவ்வீடுகளுக்கு மாலை வேளையிற் சென்றாற் பேச்சொலி கேட்டல் அரிது. தந்தையார் விறாந்தையிலே தம் கைத்தொலைபேசியோடு இருப்பார். மகன் அறையினுள்ளே தன்னதோடு இருப்பான். நாடகத் தொடர் பார்த்துப் பொழுது போக்கிய அம்மம்மா ஒருவரே மெய்த்துறவியாகிச் சுவரை நோக்கியிருப்பார்.

இலக்கண முறையாற் கூறின், துறத்தல் தன்வினை, துறப்பித்தல் பிறவினை. இங்கு நிகழ்ந்தது பின்னையது. வள்ளுவனார் துறவு என்னும் அதிகாரத்தைத் துறவறவியலுள் வைத்தார். இனியவை கூறலையோ இல்லறவியலுள் வைத்தார். இல்லத்திலிருந்துகொண்டே ஒன்றைத் துறப்போர்க்கு இரண்டும் வேண்டுமன்றோ?

இவ்விடயத்திலே யாழ்ப்பாணத்தார்க்குப் பட்டறிவு உண்டு. ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டு தொடங்கியது. சில ஆண்டுகளுள் எம்மூர்க் கூரைகளின் மேலும் அன்ரனாக் கம்பங்கள் எழுந்தன. 1990 இற் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டிலே மின்சாரம் அற்றது. பெட்டிகள் துணி போர்த்தபடி மூலையிற் கிடந்தன. அதனைத் துறவென்று எவருங் கூறார். போர் பறித்தவற்றுள் அது மிகச் சிறியது. மண்ணெண்ணெய் கிடைத்தல் அரிதாகையால், ஜாம் போத்தலிற் சிறிது பஞ்சிட்டு எண்ணெயூற்றித் திரியேற்றிய விளக்கொன்றே பல வீடுகளுக்குப் போதியதாயிற்று. படிப்போனும், அரிசியிற் கல் பொறுக்கும் தாயும், உறக்கம் வாராத முதியோரும் அச்சிற்றொளியைச் சூழ்ந்தே இருந்தனர். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோ தரும் மின்னால் வானொலிச் செய்தி கேட்டோம். செய்தி முடிந்தபின் முதியோர் பேசுவர். பின்னாளில் நிகண்டிலே கண்ட சொற்கள் சிலவற்றை யாம் முதன்முதலிற் கேட்டது அவர் வாயிலேதான். (மின்பிறப்பாக்கி வைத்து இரவிரவாகப் படம் பார்த்தோரும் இருந்தனர், அது வேறு கதை.)

அக்காலம் மீளவேண்டும் என்போர் அதனை வாழ்ந்தறியாதார். யாம் சுட்டுவது ஒன்றே. அன்று எம்மைக் கூட்டிவைத்தது தொலைக்காட்சியின் இன்மையன்று, விளக்கு ஒன்றாயிருந்தமை. நோக்குமிடத்து, கூடத்தில் உள்ள ஒற்றைத் தொலைக்காட்சியும் ஒருவகையில் அவ்விளக்குப் போன்றதே. அதன் முன்னே பூசலேனும் நிகழும். எந்நிகழ்ச்சியைப் பார்ப்பதென்று அண்ணனுந் தங்கையும் வழக்காடுவர். கைத்தொலைபேசி அவ்வழக்கையுந் தீர்த்துவிட்டது. ஆளுக்கொரு திரி, ஆளுக்கோர் இருள்.

ஆதலின் துறக்க விழையும் தந்தையார் தம் கையில் உள்ளதை முதலில் வைப்பாராக. இரவு ஏழு மணி தொடக்கம் எட்டு மணிவரை வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் யாவும் ஒரு தட்டிலே கிடக்கட்டும். அம்மம்மாவின் தொடரை அவரே போதுமென்னும்வரை விட்டுவைக்க. பேர்த்தி அவரருகே அமர்ந்து, அத்தொடரில் வருவோர் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வினவிப் பார்க்கட்டும். விடை தொடரோடு நில்லாது, ஊரிலுள்ள உறவுமுறை வரையுஞ் செல்லும்.