வாலுக்குப் பதில் கால்

தலைப்பிரட்டையின் வாலை வெட்டினால் மறுபடியும் வால் முளைக்கும். இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி 1768-லேயே எழுதிவைத்துவிட்ட விஷயம். ஆனால் புவனேஸ்வரத்தில், உத்கல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் வெட்டுப்பட்ட வாலின் இடத்தில் முளைத்தவை கால்கள். அசல் பின்னங்கால்கள்.

மழைக்காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும் பலூன் தவளையின் தலைப்பிரட்டைகள் அவை. வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டார்கள். அவ்வளவுதான். விலங்கியல் பேராசிரியை பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடியும் (ஒடிசி நடனத்திலும் பெயர் பெற்றவர்) அவரது சகாக்கள் இருவரும் எழுதிய கட்டுரையை 1992-ல் 'நேச்சர்' வெளியிட்டது. முதுகெலும்புள்ள பிராணியில் ஓர் உறுப்பின் இடத்தில் வேறோர் உறுப்பை முளைக்க வைத்ததாக அதற்கு முன் பதிவில்லை.

இதில் வேடிக்கையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சாலமாண்டரின் கை துண்டானால் ஒரு நாளுக்குள் புதுத் தோல் காயத்தை மூடுகிறது. வடு விழுவதில்லை. தோலுக்கடியில் உள்ள இணைப்புத் திசுவின் செல்கள் பழைய வேலையை மறந்து, கருவில் இருந்ததைப் போல இளமையாகி, மொட்டாகத் திரள்கின்றன. நரம்பும் உள்ளே வந்தாக வேண்டும். அதை அறுத்துவிட்டால் மொட்டு வளராது. எல்லாம் சரியாக நடந்தால் சில வாரங்களில் புதுக் கை தயார். மணிக்கட்டில் வெட்டினால் உள்ளங்கையும் விரல்களும் மட்டும் வளரும். தோளருகே வெட்டினால் முழுக் கையும் வளரும். கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மிச்சமிருக்கும் துண்டுக்குத் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது எப்படித் தெரிகிறது?

அந்த விலாசத்தைத்தான் வைட்டமின் ஏ மாற்றி எழுதுகிறது. இதற்கான முதல் தடயம் கிடைத்ததும் இந்தியாவில்தான். ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியாஸியும் சக்சேனாவும், தேரையின் தலைப்பிரட்டைகளில் வெட்டுப்பட்ட கால், வைட்டமின் ஏ பட்டால் தாறுமாறாக வளர்வதை 1978-ல் எழுதினார்கள். வெளிவந்தது போலந்து நாட்டு இதழ் ஒன்றில். அதிகம் பேர் கவனிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் மால்கம் மேடன், ஆக்ஸலாட்ல் என்ற மெக்சிகோ சாலமாண்டரின் மணிக்கட்டிலிருந்து மேல்கை, முழங்கை எல்லாம் அடங்கிய முழுக் கையையே வளரவைத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஜெய்ப்பூருக்கு இது புதிய அனுபவமாக இருக்கலாம்; இந்திய ஆய்வாளர்களுக்கு அல்ல.

விலாசம் எழுதப்படும் விதம் 2025-ல் இன்னும் தெளிவானது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வின்படி, வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலத்தைச் சிதைக்கும் ஒரு என்சைம் ஆக்ஸலாட்லின் கைநுனியில் அதிகம், தோள் பக்கம் குறைவு. அமிலம் மிஞ்சியிருந்தால் தோள், தீர்ந்துபோனால் விரல். என்சைமைத் தடுத்தபோது மணிக்கட்டுத் துண்டு தன்னைத் தோள் என்று நினைத்துக்கொண்டது.

இதே அமிலம்தான் தாயின் வயிற்றில் மனிதக் கருவின் உறுப்புகள் உருவாவதிலும் பங்கெடுக்கிறது. கடுமையான முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினை கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்று டாக்டர்கள் எச்சரிப்பது இதனால்தான். அளவு தவறினால் விலாசம் குழம்பி, குழந்தை ஊனத்தோடு பிறக்கலாம்.

அப்படியானால் விபத்தில் கையிழந்தவருக்குக் கை முளைக்குமா? விரல்நுனி துண்டான சிறு குழந்தைகளுக்கு, காயத்தைத் தைக்காமல் விட்டால் நுனி திரும்ப வளர்வதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1970-களில் பதிவு செய்தார்கள். அதற்கு மேலே போனால் மனித உடல் வடுவைப் போட்டுக் கடையை மூடிவிடுகிறது. வளர்ந்த தவளையின் கதையும் ஏறக்குறைய இதுதான். தலைப்பிரட்டைப் பருவத்தோடு அதன் திறமை போய்விடுகிறது.

அந்தத் தவளையிடம்தான் 2022-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ், ஹார்வர்டு விஞ்ஞானிகள் முயன்றார்கள். வெட்டிய காலில் ஐந்து மருந்துகள் அடங்கிய சிலிக்கோன் தொப்பியை 24 மணி நேரம் மட்டும் மாட்டி எடுத்துவிட்டுப் பதினெட்டு மாதம் காத்திருந்தார்கள். எலும்பு நீண்டது, நரம்பு வந்தது, தவளை அந்தக் காலை உந்தி நீந்தியது. நுனியில் விரல்களும் முளைத்தன. அவற்றுக்குள் எலும்பு மட்டும் இல்லை.