வீடு திரும்பிய நாள் குணமடைந்த நாள் அல்ல

2020 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், கொரோனாத் தொற்றுடன் மருத்துவமனை சென்ற ஒருவர் உயிருடன் வீடு திரும்புவதே பிரித்தானியத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலோடு, நோயும் அன்றே முடிந்துவிட்டது என்ற எண்ணமும் வேரூன்றியது. ஆண்டுகள் பல கடந்த பின்னரும் அந்த எண்ணம் மாறாதிருப்பது, நோயிலிருந்து மீண்டவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

மருத்துவ ஆய்வுகள் கூறும் உண்மை வேறு. பிரித்தானிய மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்று வெளியேறியவர்களை லெஸ்ரர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வுக் குழு தொடர்ந்து அவதானித்தது. 2022 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, ஐந்து மாதங்களின் பின் முழுமையாகக் குணமடைந்ததாக உணர்ந்தோர் நால்வரில் ஒருவரே. ஓராண்டு முடிவிலும் அத்தொகை 29 சதவீதத்தை எட்டவில்லை. களைப்பு, தசைநோவு, மூச்சுத்திணறல், உறக்கமின்மை, உடல் இயக்கத்தில் மந்தம் என்பனவே பெரிதும் எஞ்சியிருந்தன. பெண்களும், உடற்பருமன் மிக்கோரும், செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு உயிர் பிழைத்தோரும் முழுக் குணமடைவது குறைவாகவே இருந்தது.

இதற்கான காரணங்களுள் ஒன்று புதிதன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளரின் தொடைத் தசை முதற் பத்து நாட்களிலேயே சராசரியாக ஏறத்தாழ 18 சதவீதம் மெலிவதை, 2013 இல் வெளியான இலண்டன் ஆய்வொன்று ஏற்கனவே காட்டியிருந்தது. சில நாட்களில் கரைந்த தசை சில நாட்களில் திரும்புவதில்லை.

ஆனால் தமிழ் வீடுகளில் நடப்பது என்ன? எரிபொருள் நிலையத்திலும் கடையிலும் முதியோர் இல்லத்திலும் இரண்டு வேலை பார்த்தவர், வீட்டுக் கடனையும் ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தையும் எண்ணி, படியேற இயலாத உடலுடன் வேலைக்கு விரைகிறார். இயலாது என்றால் “பஞ்சி” என்ற ஒற்றைச் சொல் அவர் வாயை அடைத்துவிடுகிறது. குடும்பத் தலைவியின் நிலை இன்னும் கடினமானது. அவர் மருத்துவமனையிலிருந்து நேரே சமையலறைக்குத் திரும்பிவிடுகிறார். அவரது களைப்பை எவரும் நோயாகக் கணக்கிடுவதில்லை.

உடலை வருத்தி ஓடவைப்பதும் தவறு. மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைத்துப் பராமரிப்பதும் தவறு. மருத்துவமனையிலிருந்து வெளியேறி மூன்று மாதங்களேனும் கடந்த 585 பேரிடம் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், எட்டு வாரங்கள் இணையவழியே மேற்பார்வையுடன் வழங்கப்பட்ட குழு உடற்பயிற்சியும் உளவியல் ஆதரவும் வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்தின. அப்பயன் சிறிதாயினும் ஓராண்டின் பின்னரும் நிலைத்திருந்தது. எனினும், சிறு உழைப்பின் பின் மறுநாளே உடல் சரிந்துபோகும் நோயாளர், தமது வலுவை அளந்து செலவிடவேண்டும். யாருக்கு எது பொருந்தும் என்பதை அயலவர் தீர்மானிக்க முடியாது. குடும்ப மருத்துவரும் இயன்மருத்துவரும் தீர்மானிக்கவேண்டும். நீடித்த கொவிட் பாதிப்புக்கென ஆரம்பிக்கப்பட்ட சிறப்பு நிலையங்கள் எல்லா இடங்களிலும் இன்று தனியாக இயங்காத நிலையில், மறுவாழ்வுச் சிகிச்சையைக் கேட்டுப் பெறுவது முன்னரை விட அவசியமாகியுள்ளது.

உரிமைகளும் உள்ளன. அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் இயலாமை ஓராண்டு நீடித்தாலோ, நீடிக்கக்கூடியதாக இருந்தாலோ, 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதுகாப்பு வழங்குகிறது. நீடித்த கொவிட்டினால் பாதிக்கப்பட்ட தொழிலாளி ஒருவரை இச்சட்டத்தின் கீழ் வருபவராக 2022 இல் ஸ்கொட்லாந்துத் தொழில் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புப் பெறுவோர், வேலை நேரத்தைப் படிப்படியாக அதிகரிப்பது போன்ற நியாயமான மாற்றங்களை முதலாளியிடம் கோரலாம். ஆனால் வலியை மறைத்து, மருத்துவரிடம் “சுகம்” என்று மட்டும் சொல்லி வருபவருக்கு மருத்துவப் பதிவு இராது. பதிவு இல்லாதவிடத்து உரிமையை நிலைநாட்டுவது கடினம்.

இங்கேதான் இளையோரின் பங்கு தொடங்குகிறது. பெற்றோர் எவ்வளவு தூரம் நடந்தனர், எந்த வேலையின் பின் சோர்ந்தனர் என்பதை நாள்தோறும் குறித்துவைத்து மருத்துவரிடம் கொடுக்கலாம். பிள்ளையின் முன் சொல்லக் கூசும் வேதனைகள் பெற்றோருக்கு உண்டு. ஆகவே தாமே மொழிபெயர்க்காமல், தேசிய சுகாதார சேவை கட்டணமின்றி வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது சிறந்தது.

போரையும் இடப்பெயர்வையும் தாங்கிய தலைமுறைக்கு வலியை விழுங்கிக்கொள்வது பழகிப்போன ஒன்று. அந்தப் பழக்கம் அவர்களைக் காத்த காலம் ஒன்றிருந்தது. இன்று அதுவே அவர்களது உடலைத் தேய்க்கிறது. அவர்கள் பேசுவதற்கு இடமளிப்பதும், குணமடையக் காலமளிப்பதும் ஒவ்வொரு புலம்பெயர் தமிழ்க் குடும்பத்தினதும் கடமையாகும்.