கதைசொல்லிக்கு ஆர் நீதவான் வேலை கொடுத்தது?

கதையில் உரையாடல் எவ்வளவு, விவரிப்பு எவ்வளவு? எழுத வருகிற எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். “பாதிக்குப் பாதி” எண்டு பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். நாங்களும் அப்படிச் சொன்ன ஆக்கள்தான். இப்போது அதை வாபஸ் வாங்குகிறோம். கதை என்ன பிளேன்டியா, சீனி அளந்து போட?

எங்களுக்கு வருகிற கதைகளில் இந்த மாதிரி ஓர் இடம் அடிக்கடி வரும். புதுக்கடை நீதிமன்ற வாசல்.

“என்ர பிள்ளையை எப்ப விடுவினம்?” என்று அந்த ஏழைத்தாய் விழிகளில் நீர் மல்க வினவினாள்.

மேற்கோள் குறிக்குள் யாழ்ப்பாணம், வெளியே பாடப்புத்தகம். அதே கதையில் நீதவான் “கூறினார்”, அம்மா “வினவினாள்”. மரியாதை ஆருக்கு எண்டு கதைசொல்லி முதலே தீர்ப்பு எழுதிவிட்டார்.

புதுக்கடையில் உண்மையாக நடப்பதும் இதுதான். தமிழும் நீதிமன்ற மொழி எண்டு அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் வடக்குக் கிழக்குக்கு வெளியே பதிவு சிங்களத்தில். அம்மா தமிழில் சொல்லுவா, மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொல்லுவார், தயங்கின இடமெல்லாம் காணாமல் போகும். அதைத் திட்டி எழுதுகிற நாங்களே கதையில் அதைத்தான் செய்கிறோம்.

டொமினிக் ஜீவா, கே. டானியல் காலத்தில் சனத்தின் பேச்சைக் கதையில் எழுதினதற்கே “இழிசனர் இலக்கியம்” எண்டு ஏசினார்கள். ஜீவாவின் “தண்ணீரும் கண்ணீரும்” 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியது. அவர்கள் சண்டை பிடித்துப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். அறுபது வருசம் கழிந்தும் நாங்கள் அதை மேற்கோள் குறிக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறோம். இது அவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை, சோம்பேறித்தனம்.

“முழுக்கப் பேச்சுமொழி எண்டால் வாசிக்கேலாது” எண்டு சொல்லுவார்கள். கி. ராஜநாராயணனின் “கோபல்ல கிராமம்” 1976இல் வந்தது. கரிசல் மண்ணை ஒருநாளும் மிதிக்காத நாங்கள் கொழும்பில் இருந்து அதை வாசிக்கவில்லையா?

இன்னொரு கூட்டம் விவரிப்பையே தூக்கிவிட்டு, பக்கம் பக்கமாக ஆக்களைக் கதைக்க விடுகிறது. எல்லாரும் மனதில் உள்ளதை அப்படியே ஒப்புவிக்கிறார்கள். மனுசர் எங்கே அப்படிக் கதைக்கிறது? அந்த வாசலை இப்படியும் எழுதலாம்:

அம்மா பிள்ளையைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. “பஸ் எத்தினை மணிக்குத் தம்பி?” எண்டா. டேட் எழுதின துண்டை நாலாய் மடிச்சுச் சேலைத் தலைப்பிலை முடிஞ்சா.

பேச்சு ஒளிக்கிறது, விவரிப்பு பார்க்கிறது. இரண்டும் அம்மாவின் மொழியில்தான் நடக்கிறது. எத்தனை வரி உரையாடல் எண்டு இனி எண்ண வேண்டாம்.

அடுத்த கதையை அனுப்ப முதல் ஒன்று செய்யுங்கோ. மேற்கோள் குறிக்குள் இருப்பதையெல்லாம் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கோ. அதில் அந்த அம்மாவின் குரல் கேட்கிறதா? இல்லையெண்டால் நீங்கள் கதை எழுதவில்லை. வழக்குப் பதிவு எழுதியிருக்கிறீர்கள்.