ஐ.எஃப்.டி.யைத் திருகாதீர்கள்!

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்றால் போதும், "ஃபார்மேட் பண்ணிவிடலாம்" என்று ஒருவர் கிளம்பிவிடுவார். வால்வு ரேடியோவிலும் இந்த அவசரம் உண்டு. ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லையா? ஸ்குரூ டிரைவரால் ஐ.எஃப்.டி.க்களைத் திருகிவிடுவார்கள். பத்மநாபபுரத்தில் எங்கள் தாத்தாவின் மூன்று பேண்ட் ரேடியோவில் அந்த வேலையைச் செய்தவன் நான்தான். இன்ஜினியரிங் படித்த திமிர்! இரைச்சலோடாவது பாடிய பெட்டி அதோடு ஊமையானது.

எந்த நிலையத்தை வைத்தாலும் ரேடியோ அதை ஒரே அதிர்வெண்ணுக்கு, பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றிக்கொண்டுதான் பெருக்குகிறது. தூத்துக்குடி வானொலியின் 1053-ல் முள்ளை வைத்தால் உள்ளே ஆசிலேட்டர் 1508-ல் ஓடும். வித்தியாசம் 455. அதை வடிகட்டித் தருவதுதான் ஐ.எஃப்.டி. தொழிற்சாலையில் சரிசெய்து அனுப்பிய அந்தத் திருகுகள் தானாக அதிகம் நகர்வதில்லை.

கெடுவது பெரும்பாலும் கண்டன்சர்கள்தான். பழைய பேப்பர் கண்டன்சர் கசிந்தால், அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குத் தேவையற்ற மின்னழுத்தம் போய் வால்வே சூடேறிக் கெடும். ஃபில்டர் கண்டன்சர் உலர்ந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். 2000-களின் தொடக்கத்தில் பல மதர்போர்டுகளில் உப்பி வெடித்ததும் இந்த எலக்ட்ரோலிட்டிக் இனம்தான்.

ஆகவே என் கட்சி இது: முதலில் கண்டன்சர், பிறகு வால்வு, ரெசிஸ்டர், பேண்ட் சுவிட்ச். அலைன்மென்ட் கடைசியில், அதுவும் சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் மட்டும். முதலில் ஐ.எஃப்., அடுத்து மீடியம் வேவ், ஷார்ட் வேவ். ஒவ்வொரு பேண்டிலும் டயலின் கீழ்முனைக்குக் காயில், மேல்முனைக்கு டிரிம்மர் என்று மாற்றி மாற்றிச் சரிசெய்ய வேண்டும். உள்ளே இருப்பதை எறிந்துவிட்டு ப்ளூடூத் போர்டு வைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஓர் எச்சரிக்கை. உள்ளே 250 வோல்ட் வரை டி.சி. இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் தங்கும். யு.சி.எச்.81 போன்ற 'யு' வரிசை வால்வு செட்டுகள் பலவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சேஸிஸிலேயே கரண்ட் இருக்கலாம். சீரிஸ் பல்பு போட்டுப் பார்ப்பது செட்டைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

நானும் கடைசியில் தக்கலையில் ஒரு பெரியவரிடம்தான் கொண்டுபோனேன். "எத்தன சுத்து திருக்கின மக்கா?" என்றார். நான் எண்ணி வைக்கவில்லை. கண்டன்சர்களை மாற்ற அவருக்கு அரை நாள் ஆனது. நான் திருகியதைச் சரிசெய்ய இரண்டு நாள்.