மேலே புது தகரம்... கீழே உளுத்துப்போன மரம்! கூரை மாற்றும் மேல்மலை மக்கள் கவனத்துக்கு

கொடைக்கானல்:

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாக சுமார் 40 கிலோ மீட்டர் போனால் கவுஞ்சி. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளையும் மேல்மலை கிராமம். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று, அக்டோபரில் இருந்து மழை, டிசம்பர் பிறந்தால் உறைபனி. இப்படிப்பட்ட ஊரில் கூரை சரியில்லை என்றால் வீட்டில் ஒரு ராத்திரி கூட நிம்மதியாக தூங்க முடியாது.

பூண்டு நல்ல விலைக்கு போகும் வருஷத்தில் கையில் நாலு காசு புரளும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகரத்தை கழற்றி விட்டு கலர் சீட் போட்டு விடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் நீலமும் சிவப்புமாக பளபளவென்று இருக்கும். ஆனால் அந்த சீட்டை தாங்கிக் கொண்டிருக்கும் ரீப்பர் கட்டை, கைமரம், பழைய வீடாக இருந்தால் அடியில் அடித்த பலகை... இதையெல்லாம் யாராவது தட்டிப் பார்த்தார்களா?

பெரும்பாலும் இல்லை. சீட் போட வருபவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார். மரத்தை சோதிப்பது அந்த கணக்கில் வராது. "பழைய கட்டை நல்லாத்தான் இருக்கு, ஆணி ஏறுதுல்ல" என்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது. வீட்டுக்காரருக்கும் செலவு குறைந்தால் போதும்.

பனியில் நனையும் கட்டை

மழை ஒழுகினால்தான் மரம் கெடும் என்று பலரும் நினைக்கிறார்கள். மலையில் அப்படி இல்லை. பனி இறங்கும் ராத்திரியில் தகரம் சில்லென்று ஆகிவிடும். உள்ளே விறகு அடுப்பு எரிகிறது, சோறு கொதிக்கிறது, நாலைந்து பேர் மூச்சு விடுகிறார்கள். இந்த ஈரக்காற்று மேலே போய் தகரத்தின் அடிப்பக்கம் முத்து முத்தாக கோர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ரீப்பரில் இறங்குகிறது. சொட்டு மழை இல்லாத ஜனவரியிலும் கட்டை நனைவது இப்படித்தான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும் ஆபத்து தொடங்கி விடுகிறது.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. தண்ணீர் முதலில் இறங்குவது ஆணி அடித்த ஓட்டை வழியாக. எனவே கட்டை முதலில் மக்குவதும் அந்த ஆணியை சுற்றித்தான். புது சீட்டுக்கான திருகாணியையும் பெரும்பாலும் அதே இடத்திலேயே முடுக்குகிறார்கள். திருகாணி உள்ளே போகிறது. ஆனால் பிடிப்பு?

காற்றின் கணக்கு

காற்று கூரையை மேலிருந்து அமுக்கும் என்பது பொதுவான நினைப்பு. உண்மையில் வேகமாக வீசும் காற்று கூரையை மேல் நோக்கி உறிஞ்சுகிறது. ஜன்னல் வழியாக புகுந்த காற்றோ கீழிருந்து தள்ளுகிறது. ஓரம், மூலை, முகடு ஆகிய இடங்களில்தான் இழுப்பு அதிகம். சீட் எவ்வளவு கனமானதாக இருந்தாலும், திருகாணி மக்கிய கட்டையில் நின்றால் கட்டையோடு பிய்த்துக் கொண்டு போகும்.

மலைச்சரிவில் இது இன்னும் மோசம். கட்டிடங்கள் மீதான காற்று பாரத்துக்கான இந்திய தர நிர்ணயம் (ஐ.எஸ். 875, பகுதி 3), குன்று, சரிவு பகுதிகளில் காற்றின் வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டி கணக்கிட சொல்கிறது. வேகம் 36 சதவீதம் கூடினால் கூரை மீதான இழுப்பு கிட்டத்தட்ட 85 சதவீதம் கூடும். சமவெளியில் தாங்கிய அதே ரீப்பர் கவுஞ்சி சரிவில் தாங்கும் என்று சொல்ல முடியாது.

2018 நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யம் பக்கம் கரையை கடந்த கஜா புயல், டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளை சேதப்படுத்தி விட்டு திண்டுக்கல் மாவட்டம் வரை வந்தது. கொடைக்கானல் மலையில் மரங்கள் முறிந்து பாதை அடைபட்டது, மின்சாரம் போனது. கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று மலைக்காரர்கள் இனி சொல்ல முடியாது.

கூரை போனால் அரசு பணம் தரும் என்ற நம்பிக்கையும் சிலருக்கு இருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிப்படி மலைப்பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு ரூ.1 லட்சத்து 30 ஆயிரம். ஆனால் கூரை மட்டும் பறந்தால் பெரும்பாலும் பகுதி சேதம் என்றுதான் எழுதுவார்கள். குறைந்தது 15 சதவீத சேதம் இருந்தால் கல் வீட்டுக்கு ரூ.6,500, மண் வீட்டுக்கு ரூ.4,000. லாரி வாடகைக்கும் ஏற்று கூலிக்குமே அது சரியாகி விடும்.

ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்

சோதனைக்கு பெரிய என்ஜினீயர் வேண்டியதில்லை. பழைய தகரத்தை கழற்றிய அன்று, புது சீட்டை ஏற்றும் முன் அரை நாள் நிறுத்தினால் போதும். ஸ்குரூ டிரைவர் முனையால் ஒவ்வொரு கட்டையையும் ஓரடிக்கு ஒருமுறை குத்த வேண்டும். நல்ல மரம் தடுக்கும். மக்கிய மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். சுத்தியலால் தட்டினால் "டொக்" என்று வெற்றுச் சத்தம் வந்தாலோ, மாவு போல தூள் கொட்டினாலோ வண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சுவரில் பதிந்த முனை, சீட் சேரும் இடம், புகைபோக்கியை சுற்றிய இடம், கூரை ஓரம் - இங்கே கட்டாயம் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்து பூண்டு கட்டு தொங்க விடும் வீடுகளில் அந்த பாரத்தை சுமக்கும் கைமரத்தையும்தான்.

கெட்டது நாலு ரீப்பர் என்றால் நாலை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு முன் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் புதுக்கட்டையும் அதே கதிதான். அப்போதுதான் வெட்டிய பச்சை யூகலிப்டசை அடித்தால், அது காய்ந்து சுருங்கும்போது ஆணி தளர்ந்து விடும். காய்ந்த மரத்தில் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் பூசினால் வண்டும் பூஞ்சையும் அண்டாது. இரும்பு பைப் போட்ட வீட்டுக்காரர்கள் தப்பித்தோம் என்று இருக்க வேண்டாம். வெல்டிங் வைத்த இடத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று சுரண்டிப் பார்ப்பது நல்லது.

மக்கிய ரீப்பரில் முதலில் கால் வைப்பது வீட்டுக்காரர் இல்லை, கூலிக்கு வந்த ஆள். பிடி கயிறு இல்லாமல் ஏற்றி விடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டாக இருந்தால் நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். அதன் தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லி விட்டது.

கூலி பேசும்போதே, கட்டை மாற்ற வேண்டி வந்தால் அடிக்கு என்ன விலை என்று தனியாக பேசி எழுதி வைப்பது புத்திசாலித்தனம். தகரத்தை கழற்றிய பிறகு, வானத்தை பார்த்துக் கொண்டு பேரம் பேச முடியாது. மேல்மலையில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மேற்குக் காற்று கிளம்பி விட்டால் ஏணி சாத்தவே ஆள் வராது.