லேப்டாப் முகப்பில் அண்ணல் இருந்தால் யாருக்கு உறுத்துகிறது?

"வால்பேப்பர் எல்லாம் ஒரு பிரச்சினையா? நாட்டில் பேச வேறு விஷயமே இல்லையா?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பதிவு.

ஆமாம், பிரச்சினைதான். அதைப் பிரச்சினையாக்கியது நாம் அல்ல. ஒரு கல்லூரி மாணவர் தன் லேப்டாப் திரையில் நடிகர் படம் வைக்கலாம். கிரிக்கெட் வீரர் படம், பைக் படம், குலசாமி படம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். யாரும் எதுவும் கேட்பதில்லை. அண்ணல் அம்பேத்கர் படத்தை வைத்த மறுநாளே "படிக்கிற இடத்துல இதெல்லாம் எதுக்குப்பா?" என்று ஒரு குரல் வந்துவிடுகிறது.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான். சிறு சிறு மாற்றங்களோடு இந்தக் கதையை அவர்களிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் ஒன்று மட்டும் இங்கே. துறை செமினார். ஒரு மாணவி தன் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் இணைக்கிறாள். சுவர் முழுக்க நீலக் கோட்டில் அண்ணல். துறைத் தலைவர் முகம் மாறுகிறது. "முதல்ல அந்தப் படத்த மாத்திட்டு வாம்மா. காலேஜ்ல சாதி அடையாளம் கூடாது." அவளுக்கு முன்னால் பேசிய மாணவனின் திரையில் பிள்ளையார் இருந்தார். அவனைப் படத்தை மாற்றச் சொல்லவில்லை. அவளும் பதில் பேசவில்லை, இன்டர்னல் மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. படத்தை மாற்றிவிட்டுத் தன் தலைப்பைப் பேசிவிட்டு இறங்கினாள்.

"சாதி அடையாளம்" என்ற அந்தச் சொல்லைத்தான் நாம் பிடித்துக் கேட்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு கூடாது என்று அது பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை, நாம் வரவேற்றோம். இப்போது அதே தர்க்கத்தைத் திருப்பி நம் பிள்ளைகள் பக்கமே நீட்டுகிறார்கள். "கயிறும் கூடாது, அம்பேத்கரும் கூடாது, ரெண்டும் ஒண்ணுதானே?"

இரண்டும் ஒன்றல்ல. மணிக்கட்டில் கட்டும் கயிறு "நான் இன்ன சாதியில் பிறந்தவன், என்னை அப்படிப் பார்" என்று சொல்கிறது. அண்ணலின் படம் பிறப்பால் மனிதரை அளக்காதே என்கிறது. சாதியை ஒழிக்க வேண்டும் என்று 1936-இல் நூல் எழுதியவர் அவர். இந்த நாட்டு அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அவர். அவரது படத்தைப் பார்த்ததும் உங்களுக்கு ஒரு சாதிதான் ஞாபகம் வருகிறது என்றால், சாதி அந்தத் திரையில் இல்லை, பார்க்கும் கண்ணில் இருக்கிறது. கயிறு கட்டியவனையும் கயிறை அறுக்கச் சொன்னவரையும் ஒரே தட்டில் வைப்பதற்கு நடுநிலை என்று பெயர் கிடையாது.

இது ஒரு துறைத் தலைவரின் தனிப்பட்ட கோளாறு என்று விட்டுவிடவும் முடியாது. 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே ஒரு சுற்றறிக்கை வந்தது. நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு யார் படமும் சிலையும் கூடாது என்றது. அரசியல் சட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதும் இடத்தில், அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவருக்குச் சுவரில் இடமில்லை! வழக்கறிஞர்களும் இயக்கங்களும் கொதித்தெழுந்த பிறகுதான் படத்தை அகற்றும் பேச்சு நின்றது. 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில் ஒரு தலித் மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார். தகராறு தொடங்கியது அவர் செல்போனில் ஒலித்த அம்பேத்கர் பாட்டால். ரிங்டோன் சின்ன விஷயம்தானே? அதற்கு ஓர் உயிர் போனது. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் அண்ணலின் சிலையை உடைத்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் அவரது சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது என்று பேருந்து ஜன்னலிலிருந்தே எண்ணலாம்.

சிலைக்குக் கூண்டு, ரிங்டோனுக்குக் கொலை, சுவரில் மாட்டினால் சுற்றறிக்கை. இந்த வரிசையில் வைத்துத்தான் அந்த மாணவியின் திரையைப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஒரு அறிவுரை வரும். "பிரச்சினை எதுக்கு? பொதுவான ஒரு படத்த வச்சுக்கோயேன். இயற்கைக் காட்சி மாதிரி." சரி, எது பொது?

உலகத்தில் அதிகம் பேர் பார்த்த முகப்புப் படங்களில் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைக் குன்று. நீல வானம், வெண்மேகம், ஆள் அரவமற்ற புல்வெளி. 1996-இல் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் சார்லஸ் ஓரியர் என்ற புகைப்படக்காரர் எடுத்தது. அந்தக் குன்று திராட்சைத் தோட்டமாக இருந்த நிலம். பூச்சி அரித்ததால் கொடிகளைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள், அதனால்தான் அவ்வளவு பச்சைப் புல். தோட்டம் தெரியவில்லை, உழைத்தவர் தெரியவில்லை, நிலத்துக்குச் சொந்தக்காரரும் தெரியவில்லை. பார்க்க அழகாக இருக்கிறது.

நிலத்தை ஆளில்லாத அழகாகப் பார்க்கும் வசதி நமக்கு வாய்த்ததில்லை. நம் தாத்தா பாட்டிகளுக்கு நிலம் என்றால் யாருடைய நிலம் என்ற கேள்விதான் முதலில் வரும். 1890-களில் வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் யார் கையில் போய்ச் சேர்ந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நிலத்தை மீட்கச் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் மக்கள் என்ன செய்தார்கள்? பஞ்சமி நிலத்தில் அண்ணலின் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. போராட்டம் வெடித்து, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். "இந்த இடம் எங்களுடையது" என்று சொல்ல நம்மிடம் பட்டா இல்லாதபோது, அண்ணலின் உருவம்தான் பட்டாவாக இருந்திருக்கிறது. ஒரு மாணவி தன் லேப்டாப்பில் அவரை வைப்பதும் அதன் தொடர்ச்சிதான். இந்த வகுப்பறையில் எனக்கு இடம் உண்டு என்று அவள் சொல்கிறாள்.

இயற்கைக் காட்சி வைப்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. எனக்கும் கடல் பிடிக்கும். ஆனால் அதை "பொது" என்றும் அண்ணலை "தனி" என்றும் யாராவது பிரித்தால், ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த பழைய கோடு திரைக்கும் வந்துவிட்டது என்று பொருள்.

இனி அரசு கொடுக்கும் லேப்டாப்புக்கு வருவோம். நம் பிள்ளைகள் பலர் முதன்முதலில் தொட்ட கணினி அதுதான். 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தால் படித்து மேலே வந்தவர்கள் நம்மில் ஏராளம், அதை யாரும் மறுக்க மாட்டோம். ஆனால் கணினியோடும் பையோடும் முதல்வரின் படமும் சேர்ந்தே வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 2013 மார்ச்சில் அகிலேஷ் அரசு கொடுத்த லேப்டாப்பைத் திறந்தால் முலாயம் சிங்கும் அகிலேஷும் சிரித்தார்கள். படத்தை நீக்க முயன்றால் கணினியே முடங்கிவிடும் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கட்சி எதுவானாலும் பழக்கம் ஒன்றுதான். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய பொருளில் தன் முகத்தை ஒட்டி, உரிமையைக் கொடையாக மாற்றிவிடுவது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1944-இல், அண்ணல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. இன்றுவரை லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். அந்தப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும்போது அவர் முகம் எதிலும் அச்சடித்து வருவதில்லை. நன்றி சொல் என்று யாரும் கேட்பதுமில்லை. உரிமை என்றால் அப்படித்தான் வரும்.

2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப் என்று அறிவித்தார்கள். கையில் கிடைத்தால் வாங்குங்கள், நன்றாகப் பயன்படுத்துங்கள். எந்தத் தலைவர் படம் அதில் இருந்தாலும் முதல் வேலையாக மாற்றுங்கள். அது நன்றிகெட்ட செயல் ஆகாது. உங்கள் பெற்றோர் தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டியிருக்கிறார்கள்.

முகப்பை மாற்றும் உரிமைக்கும் ஒரு வர்க்கக் கணக்கு உண்டு. விண்டோஸ் 7-இல் மலிவு விலைச் சிறு கணினிகளுக்கென்று "ஸ்டார்டர்" என்ற பதிப்பு இருந்தது. அதில் முகப்புப் படத்தை மாற்றும் வசதியே கிடையாது. கூடுதல் காசு கொடுத்தவருக்குத்தான் தன் திரையில் தன் விருப்பம். இன்றும் உரிமம் இல்லாத விண்டோஸில் செட்டிங்ஸ் வழியாகப் படத்தை மாற்ற விடுவதில்லை. சேகரித்து வைத்த படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து "செட் அஸ் டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட்" கொடுத்தால் பெரும்பாலும் மாறிவிடும். படத்தை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், சுருங்கி மங்கிப்போகும். டிரைவிலோ மெயிலிலோ முழு அளவில் வாங்குங்கள். ஐகான்கள் இடது பக்கம் நிற்கும் என்பதால் முகம் வலது பக்கம் வரும் படமாகப் பாருங்கள்.

இப்போது நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும் தோழர்களே.

அண்ணலை அரிவாளோடும் சிங்கத்தின் முதுகிலும் உட்கார வைத்து எடிட் செய்த படங்கள் நம் குழுக்களில் சுற்றுகின்றன. ஆதிக்க சாதிக்காரன் பேனரில் என்ன இருக்கிறதோ அதையே நீலச் சாயம் பூசி வைத்துக்கொண்டால் நாம் யாரை எதிர்க்கிறோம்? அவர் கையில் புத்தகம் இருக்கும் படங்கள் போதாதா? அவரோடு மட்டும் நிற்கவும் வேண்டாம். அயோத்திதாசரை வையுங்கள், இரட்டைமலை சீனிவாசனை வையுங்கள். சாவித்திரிபாய் புலேவும் மீனாம்பாள் சிவராஜும் எத்தனை பேர் திரையில் இருக்கிறார்கள்? நம் ஆண் தோழர்கள் திரையில் ஏன் பெண் தலைவர்களே இல்லை? நடவு நட்டுப் படிக்க வைத்த உங்கள் அம்மாவின் படத்தையும் வைக்கலாம், அதுவும் அரசியல்தான்.

படத்தோடு நின்றுவிடவும் கூடாது. அண்ணலின் எழுத்துகளையும் பேச்சுகளையும் மகாராஷ்டிர அரசு தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழிலும் தொகுதிகள் உண்டு. முகப்பில் அவர் இருந்தால் அதே திரையில் அவர் எழுதிய ஒரு கோப்பும் இருக்கட்டும். துறைத் தலைவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் தைரியம் படத்திலிருந்து வராது, படிப்பிலிருந்துதான் வரும்.

ஆன்லைன் நேர்காணலுக்கு முன்னால் அவசரமாக அண்ணலை எடுத்துவிட்டுப் பச்சைக் குன்றை வைக்கும் தம்பி தங்கைகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டில் கடன் இருக்கிறது, வேலை வேண்டும். வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்ல, ஒரு படத்தைப் பார்த்து மார்க்கைக் குறைக்கும் மனிதர்கள்தான். நேர்காணல் முடிந்ததும் படத்தைத் திரும்ப வையுங்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே அளவு தைரியத்தோடு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதனால்தான் இது தனி ஆளாகச் செய்கிற வேலையாக இருக்கக் கூடாது. ஒரு வகுப்பில் ஒருவர் திரையில் அண்ணல் இருந்தால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள். பத்துப் பேர் திரையில் இருந்தால் யோசிப்பார்கள். அந்தப் பத்துப் பேரில் தலித் அல்லாத நண்பர்களும் இருக்கட்டும். சமத்துவம் பேசுகிறவர்களுக்கு இதைவிடச் செலவில்லாத வேலை வேறு கிடையாது.

அடுத்த முறை யாராவது "படத்த மாத்து" என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். அமைதியாக மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விதி எழுத்தில் இருக்கிறதா? இருந்தால் எல்லாப் படங்களுக்கும் பொருந்துமா, அம்பேத்கர் படத்துக்கு மட்டுமா? எழுத்தில் இல்லையென்றால், நீங்கள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?

பெரும்பாலானவர்கள் மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். எழுதித் தருகிறவர் இருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள், மற்றதைச் சேர்ந்து பார்ப்போம்.

ஜெய்பீம்.