கையொப்பம் மறுத்த கணவர்

2011இல் அம்மானில், முக்காடு அணிந்தமைக்காக ஈரானியப் பெண்கள் உதைபந்தாட்ட அணியை ஃபீபா களமிறங்க விடவில்லை. நம்மவர் கொதித்தனர், நியாயமான கொதிப்புத்தான். 2014இல் ஃபீபா முக்காட்டை அனுமதித்தது.

2015இல் மலேசியாவில் ஐவர் உதைபந்தாட்ட ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி. முக்காடணிந்த ஈரானியப் பெண்கள் ஜப்பானை ஒரேயொரு கோலால் வென்றனர். தலைவி நிலூஃபர் அர்தலான் அங்கில்லை. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கணவர் சம்மதிக்கவில்லை. மகன் பாடசாலைக்குப் போகும் முதல் நாளாம்!

இப்போது அந்தக் கொதிப்பு எங்கே போயிற்று? தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வாசலில் வரவேற்பவன் நான். வாப்பாவின் விரல் பிடித்து வந்த பிள்ளையும் கொஞ்சம் அழுதுவிட்டு வாங்கில் அமர்ந்துகொள்கிறது. அன்றைக்கு உம்மாதான் வரவேண்டுமென்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது? அவ்வாண்டு நவம்பரில் அர்தலான் குவாத்தமாலாவுக்கு ஆடப்போனதும் கணவரின் கையொப்பத்தோடல்ல, அரச வழக்குத்தொடுநரின் அனுமதியோடுதான்.